இருபத்து மூன்று வாய்கள்

பாட்டு டீச்சர் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே எண்ணத் தொடங்கிவிடுவாள். விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள். ஒன்பதில் வந்து நின்றுவிடும். யாரையாவது விட்டுவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எத்தனை முறை எண்ணினாலும் ஒன்பதுதான்.

"என்ன, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்பார் அவள் வீட்டுக்காரர். அச்சகத்தில் வேலை பார்ப்பவர். காணாமல் போன எழுத்தைத் தேடியே பாதி ஆயுள் கழிந்த மனுஷன், அதனால் யாராவது எண்ணினால் உடனே கேட்டுவிடுவார்.

"ஒண்ணும் இல்லைங்க."

ஒன்றும் இல்லையாம்! அவள் எதை எண்ணுகிறாள் என்று அவருக்கு எங்கே தெரியும்? பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர். வராந்தாவில் மாட்டியிருக்கும் படத்தில் முப்பத்திரண்டு முகம், எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு. பாடுவது ஒன்பது பேர். மீதி இருபத்து மூன்று பேரும் வாயை மட்டும் அசைப்பார்கள். முழுக் கணக்கும் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான், அவள்தான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், வேண்டாத காரியமெல்லாம் எப்படி நடக்குமோ அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல எண்ணத்தோடு.

அவளை வேலைக்கு எடுத்தது ஒரு வருஷத்துக்கு. எடுத்த அன்றைக்கே எச்.எம். கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நல்ல மனுஷர், கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து, பேசும்போது அதைக் குலுக்கிக்கொண்டே இருப்பார்.

"டீச்சர், ரெண்டே விஷயம். பாடணும்னு ஆசைப்பட்டு வர்ற பிள்ளையில ஒண்ணைக்கூடத் திருப்பி அனுப்பக்கூடாது. அப்புறம், பள்ளிகளுக்கு நடுவுல நடக்கிற சேர்ந்திசைப் போட்டியில முதல் மூணுல வரணும். வந்துட்டா நிர்வாகத்துக்கிட்ட நான் பேசி உங்களை நிரந்தரம் பண்ணிடறேன்."

"சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வராந்தாவில் பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நியாயம்தான். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறவர் என்றைக்காவது முப்பது பிள்ளைகளை நிற்க வைத்து ஒரு வரி பாட வைத்திருப்பாரா?

முதல் பருவத்தில் அவள் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். பயிற்சிக் காலத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இது: சுருதி சேராத பிள்ளையை நம் சுருதிக்கு இழுக்காதே, நீ அதன் சுருதிக்குப் போ. பிள்ளை தனக்கு வசதியாக 'ம்' என்று ஒரு ஒலி கொடுக்கும். டீச்சர் அந்த ஒலியிலேயே போய் உட்கார வேண்டும். இரண்டு குரலும் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு தடவை புரிந்தால் போதும். அப்புறம் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். குரல் எங்கோ அடியிலிருந்து வரும், அதனால் எல்லோரும் அவனைக் 'கிணறு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனை வைத்துத்தான் முதலில் முயன்றாள். மூன்று வாரம், தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிஷம். அவன் 'ம்' என்பான், அவள் இறங்கி வந்து 'ம்' என்பாள். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை திடீரென்று இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன. பையன் துள்ளிக் குதித்தான்.

"டீச்சர், ஒட்டிக்கிச்சு! டீச்சர், ஒட்டிக்கிச்சு!"

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னாள். வாரக் கடைசியில் அவன் கையில் இரண்டு ஸ்வரம் இருந்தது. திங்கட்கிழமை எச்.எம். ஒரு தாளை நீட்டினார். போட்டித் தேதி முன்னால் வந்துவிட்டது. ஏழு வாரம்தான் பாக்கி. மேடையில் குறைந்தது இருபத்தைந்து பேர் நிற்க வேண்டும். வாத்தியம் கூடாது, ஆரம்பத்தில் சுருதி மட்டும் கொடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு ஸ்வரம், மூன்று வாரம். முப்பத்திரண்டு பிள்ளைக்கு? அவளுக்குக் கணக்கு வராது, ஆனால் இந்தக் கணக்கு போடாமலே வந்தது.

அவள் முதலில் வாயை மூட வைத்தது தன் மகளைத்தான்.

சிட்டு என்று கூப்பிடுவார்கள். பத்து வயசு, அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் அம்மா கிடையாது, டீச்சர்தான் என்பது பாட்டு டீச்சரே போட்ட சட்டம். சிட்டு அதை ஒரு நாளும் மீறியதில்லை. வாசலுக்கு வெளியே "அம்மா, தண்ணி பாட்டில்" என்பவள் உள்ளே போனதும் "டீச்சர், உள்ளே வரலாமா?" என்பாள். சிட்டு என்ற பெயர் சும்மா வந்ததில்லை. குளியலறையில் பாட்டு, மாடிப்படியில் பாட்டு, ஷூ லேஸ் கட்டும்போது பாட்டு. எல்லாம் அவளுடைய சொந்தச் சுருதியில். அவள் வீட்டுச் சுருதிப் பெட்டி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள், இரண்டுக்கும் சண்டையே இல்லை. வீட்டில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. முன்வரிசையில் நின்று முழுத் தொண்டையில் பாடியபோதுதான் பக்கத்தில் நின்ற நான்கு பேரும் அவள் பின்னாலேயே போனார்கள்.

"அட, பாட்டு டீச்சர் பொண்ணே தனி ரூட்டுல போகுதே!" என்றாள் கணக்கு டீச்சர், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும். கெட்ட எண்ணம் கிடையாது அவளுக்கு. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு டீச்சரும் சிரித்தாள். காதெல்லாம் சிவந்துபோய்ச் சிரித்தாள்.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னும்போது சொன்னாள்.

"சிட்டு, போட்டி முடியற வரைக்கும் நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்."

"ஏம்மா?"

"அம்மா சொல்றேன்ல."

கண்ணாடியில் பார்த்தபடியே நின்றாள் அந்தப் பெண். பின்னல் முடிந்ததும் ரிப்பனை எடுத்துப் பின்னால் நீட்டினாள். அப்புறம், "சரிம்மா" என்றாள்.

அன்றிலிருந்து குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதல் நாள் அம்மா கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கதவோரம் நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஒரு வாரம் ஆனதும், "ஏன் சிட்டு, வீட்டுல பாடலாமே" என்று சொல்ல வாயெடுத்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும், "தலையை நல்லாத் துவட்டு" என்று மாற்றிவிட்டாள். பாட்டு திரும்பி வராமலே போய்விடுமோ என்று ஒரு பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அதற்கு அடுத்த நாற்காலியில்தான். போட்டி முடியட்டும், முடிந்ததும் உட்கார வைத்துப் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று தள்ளிப் போட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த யோசனை பலித்துவிட்டது. ஒரு குரல் நின்றதும் முன்வரிசை பளிச்சென்று ஆனது. ஒன்று நின்றதற்கே இப்படியென்றால், இன்னொன்று நின்றால்? அந்த ருசி பொல்லாதது. மாடிப்படிக்குக் கீழே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுச் சொன்னாள்.

"கண்ணா, இந்தப் போட்டிக்கு மட்டும்தான். உன் முகம் ரொம்ப நல்லா இருக்கு, முகத்துலயே பாடு. சத்தம் மட்டும் வேண்டாம். இது உனக்கும் எனக்கும் மட்டும், யாருக்கும் சொல்லாதே."

சொல்லவில்லை அந்தப் பிள்ளைகள். டீச்சர் ரகசியம் சொல்லியிருக்கிறார்களே, வெளியே விடுவார்களா? ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டார்கள். மற்ற முப்பத்தோரு பேரும் பாடுகிறார்கள், நமக்குத்தான் குரல் சரியில்லை என்று நம்பினார்கள். அதனாலேயே கண்டுபிடிபடக்கூடாதென்று வாயை நன்றாகத் திறந்து, புருவத்தை உயர்த்தி, அத்தனை அழகாக அசைத்தார்கள்.

கிணறு மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "அந்த ரெண்டு ஸ்வரம் வர்ற இடத்துலயாவது பாடட்டுமா, டீச்சர்?"

"வேண்டாம்டா கண்ணா, அடுத்த வருஷம்."

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாளும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள்.

எத்தனை பேருக்குச் சொன்னோம் என்று அவள் குறித்து வைக்கவில்லை. ரகசியத்தை எழுதி வைப்பார்களா? ஐந்தாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் பெயர்ப் பட்டியலை எடுத்து, நினைவுபடுத்திப் புள்ளி வைத்தாள். வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் புள்ளி இருபத்து மூன்று. தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். குப்பைத் தொட்டியில் போடவும் பயந்து கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

எச்.எம். ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, "ஆகா, முப்பத்திரண்டு பேர் பாடறது ஒரே குரல் மாதிரி இருக்கு டீச்சர்!" என்றார், சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு. அவர் நிர்வாகத்துக்கும் சொல்லிவிட்டார், பத்து பேருக்கும் சொல்லிவிட்டார்.

ஒன்பது என்பது தெரிந்த பிறகு அந்த ஒன்பதையும் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நூலகத்துக்குப் பின்னால் பழைய வரைபடங்கள் அடுக்கி வைக்கும் சின்ன அறை. பள்ளி விட்டதும் ஒன்பது பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய், சத்தம் வெளியே போகாமல் ஜன்னலையும் கதவையும் சாத்திப் பயிற்சி கொடுத்தாள். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்தாள். ஒரு பிளாஸ்க், ஒரே டம்ளர். ஒவ்வொருவராகக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். நடக்கப்போவது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்குத்தான் புரியவில்லை.

போட்டி சனிக்கிழமை. திங்களன்று ஒருத்தி தொண்டை வலி என்று லீவு. செவ்வாய் இரண்டு பேர். புதனன்று கணக்கு டீச்சர் வகுப்பறை வாசலிலிருந்தே கூவினாள்: "டீச்சர், உங்க வெங்கலக் குரல்காரிக்கு நூத்திரெண்டு காய்ச்சலாம்!" வியாழனன்று மொத்தம் ஐந்து, வெள்ளியன்று ஆறு. வாய் அசைக்கிறவர்களில் ஒருவருக்காவது ஒரு தும்மல் வந்ததா? மருந்துக்குக்கூட இல்லை! இருபத்து மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். மூடிய அறையில் ஒரே டம்ளரில் குடித்தது அந்த ஒன்பது பேர்தானே.

வெள்ளிக்கிழமை எச்.எம். அறைக்குப் போனாள். "சார், ஆறு பேருக்கு உடம்பு சரியில்லை. இந்த வருஷம் வேண்டாம்னு..."

"ஆறு பேர்தானே? இருபத்தாறு பேர் இருக்காங்களே. விதிப்படி இருபத்தஞ்சு போதும். நீங்க ஏன் டீச்சர் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? தைரியமா போங்க."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சாவிக்கொத்து குலுங்கியது. அவள் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை காலை வேனில் ஏற்றும்போது எண்ணினாள். ஊசி மாதிரி மெல்லிசாக, உயரமாகப் பாடுகிற ஒருத்தி, அவளுக்குப் பெயரே ஊசி. அப்புறம் ஆறாம் வகுப்பு இரட்டைப் பெண்கள். மூன்று. வீட்டுக்காரர் வழியனுப்ப வந்தவர், "இன்னிக்கு எண்ணிக்கை சரியா வந்துச்சா?" என்று சிரித்தார். பாவம், தமாஷ் பண்ணினார். அவள் அவரை முறைத்த முறைப்பில் மனுஷன் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

போட்டி நடந்த பள்ளியில் ஒரு வகுப்பறையைக் காத்திருக்கக் கொடுத்தார்கள். பெஞ்சுகளில் இருபத்தாறு பேரும் இஸ்திரி போட்ட சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் ஆறு குழு முன்னால் இருந்தது. பாட்டு டீச்சர் கரும்பலகைக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

இப்போது சொல்லிவிடலாமா, எல்லோரும் பாடுங்கள் என்று? வாரக்கணக்காகச் சத்தம் போடாத தொண்டைகள். பாட்டு வரி தெரியும், மெட்டு காதால் தெரியும், குரல் எங்கே போய் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அது கூடப் பரவாயில்லை. "நீங்க எல்லாரும் இன்னிக்குப் பாடணும்" என்று பொதுவாகச் சொன்ன மறு நிமிஷம் இருபத்து மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள். 'நீயுமா? உனக்கும் சொன்னாங்களா?' என்று. உனக்கும் எனக்கும் மட்டும் என்று சொன்னது இருபத்து மூன்று தடவை என்பது தெரிந்துபோகும். அதை நின்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. நடுவில் ஒரு முறை நின்று வாயைத் திறந்தாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் சிட்டுவும் பார்த்தாள்.

"காலரைச் சரி பண்ணிக்கங்க" என்றாள்.

அப்புறம் வெளியே ஓடி மைக் செட்காரரைப் பிடித்தாள். "அண்ணே, எங்க குழுவுல முன்னால நடுவுல நிக்கிற மூணு பொண்ணுங்ககிட்ட மைக்கை நல்லா நெருக்கி வெச்சுடுங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாக் குழுவுக்கும் ஒரே இடம்தான்மா வெக்கிறது. சரி, கேக்கறீங்க, வெக்கிறேன்" என்றார்.

பெயர் கூப்பிட்டார்கள். மேடை ஏறினார்கள். மூன்று வரிசை, அரைவட்டம். கீழே மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். முதல் வரிசை நாற்காலியில் எச்.எம்., பக்கத்தில் நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு கனத்த மனிதர். பாட்டு ஓர் ஆற்றைப் பற்றியது, அவர்கள் பள்ளித் தமிழ் ஐயா எழுதிக் கொடுத்தது. 'மேட்டை விட்டு இறங்கி வந்தேன்' என்று ஆறே பேசுவது போல ஆரம்பிக்கும். பாட்டு டீச்சர் சுருதி கொடுத்தாள், கையை உயர்த்தினாள், இறக்கினாள்.

இருபத்தாறு வாயும் ஒரே நேரத்தில் அழகாகத் திறந்தன. மூன்று குரல் வந்தது.

அந்தப் பெரிய கூடத்தில் அது எங்கேயோ பக்கத்துத் தெருவில் யாரோ பாடுவது மாதிரி இருந்தது. இரண்டாவது வரியில் ஒரு நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொருவர் காதுக்குப் பின்னால் கை வைத்தார். இரட்டைப் பெண்களில் ஒருத்தி, பழகிய சத்தம் சுற்றிலும் கேட்காததால் மிரண்டு, பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்; பார்த்தவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதும் மற்றவளும் நிறுத்தினாள். ஊசி மட்டும் ஒற்றையாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தாள். மைக் செட்காரர் பதறிப்போய் மேடையோரமாக ஓடிவந்து ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மைக்கைத் தட்டினார். 'டக் டக்' என்று அது மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. மைக்கில் என்ன கோளாறு இருக்கும்? அண்ணே, நீங்க போங்க!

அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிய ஆரம்பித்தது. கிணறு வாயை அசைத்துக்கொண்டே இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். பின்வரிசை நெட்டைப் பையன் முன்னால் எட்டிப் பார்த்தான். ஒருவர் முகத்தில் ஒருவர் தேடினார்கள். அந்த இருபத்து மூன்று முகமும் கடைசியில் அவள் பக்கம் திரும்பின. அவள் எதற்கு ஓடி ஓடிப் பயந்தாளோ அது அவள் கண் முன்னால் நின்றது, வரிசை வரிசையாக.

அவள் கையைக் கீழே போட்டாள். ஊசியும் நின்றாள்.

"பாடுங்க" என்றாள் பாட்டு டீச்சர். அவளுக்கே கேட்காத குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "பாடுங்கப்பா. எல்லாரும்."

"நானுமா டீச்சர்?" என்றது ஒரு குரல். "டீச்சர், நானா?" என்றது இன்னொன்று. நெஞ்சில் விரலை வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். மைக் அவ்வளவையும் வாங்கிக் கூடத்துக்கு அனுப்பியது.

"நீயும்தான். நீங்க எல்லாரும். நான் சொன்னதை மறந்துடுங்க, தப்பு என்னோடது. சத்தமா பாடுங்க!"

மறுபடி சுருதி கொடுத்தாள். கை இறங்கியது.

கேட்டிருக்க வேண்டும் நீங்கள்! அடேயப்பா! வாரக்கணக்காக அடைத்து வைத்தது ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. ஆறு ஒரு பக்கம் போனது, கரை ஒரு பக்கம் போனது. பாதிப் பேர் சுருதிக்கு மேலே, பாதிப் பேர் கீழே, நெட்டைப் பையன் எல்லோருக்கும் ஒரு வரி முன்னால். கிணற்றுக்குத் தெரிந்த இரண்டு ஸ்வரமும் வந்த இடத்தில் அவன் அவற்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளுக்குக் கண் மறைத்தது. கத்திக் கத்தி வரி எடுத்துக் கொடுத்தாள், குரல் கட்டிக்கொண்டது, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தாள்.

எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் சிட்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தனை நேர்த்தியாக அசைத்தாள். ஆனால் டீச்சருக்குத் தெரியும். மூச்சு இழுத்தால் தோள் எழும், குரல் வந்தால் கழுத்து அசையும். அந்தத் தோள் எழவே இல்லை. பாட்டு முடியும் வரை பாட்டு டீச்சர் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு கை வீசினாள்.

இடம் ஒன்றும் கிடைக்கவில்லை, சொல்லவும் வேண்டுமா? மதிப்பெண் தாளில் ஒரு நடுவர் கீழே எழுதியிருந்தார்: 'பிள்ளைகள் பாடத் தொடங்கிய பிறகு உற்சாகமாக இருந்தது. எப்போது தொடங்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கலாம்.' எச்.எம். அதை இரண்டு முறை படித்தார். சாவிக்கொத்து குலுங்கவில்லை.

"எத்தனை பேருக்குச் சொன்னீங்க, டீச்சர்?"

"இருபத்து மூணு பேருக்கு, சார்."

"ஜன்னல்ல நின்னு கேட்டேனே நான்" என்றார் அவர். யாரைத் திட்டுவது என்று தெரியாத முகம். "அடுத்த வருஷம் நீங்க இருப்பீங்களான்னு என்னால இப்ப சொல்ல முடியாது. திங்கக்கிழமை வாங்க, பேசலாம். அந்தப் பிள்ளைங்க வீட்டுக்கும் நாம பதில் சொல்லணும்."

அவள் தலையாட்டினாள். திங்கட்கிழமை என்ன ஆகும் என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வேனில் வரும் வழியெல்லாம் மற்றவர்கள் அதே பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தி மட்டும் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை அப்புறம் வரட்டும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நான்கு மணி. வீட்டுக்காரர் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தார். கடைக்குப் போய்வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். புத்திசாலி. சிட்டு குளியலறை வாசலில் குந்தி உட்கார்ந்து சாக்ஸைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிட்டு, எல்லாரையும் பாடச் சொன்னேனே. நீ ஏன் பாடல?"

சிட்டு சாக்ஸைப் பிழிந்தாள். "அங்க பாடச் சொன்னது டீச்சர்."

"ஆமாம், நான்தானே?"

"என்கிட்ட வாயை மட்டும் அசைன்னு சொன்னது அம்மா." கோபமெல்லாம் இல்லை அவள் குரலில். பள்ளி வாசல் சட்டத்தை எடுத்துச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அம்மா இன்னும் மாத்திச் சொல்லலியே."

பாட்டு டீச்சர் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலையெல்லாம் சோப்பு நீர் ஏறியது.

"இப்ப அம்மா சொல்றேன், சிட்டு. பாடும்மா. தப்பு பண்ணிட்டேன்டி கண்ணு."

"உண்மையா பாடவா?"

"உண்மையா பாடு."

சிட்டு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள், மேடையில் நிற்கிற மாதிரி. "சரி, சுருதி குடு."

கொடுப்பதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். மூன்று வாரம் ஒரு பையனோடு செய்ததை இந்த வீட்டுக்குள் ஒரு நாள்கூடச் செய்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீ குடு. நான் அங்க வரேன்."

சிட்டு யோசித்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பயந்து பயந்து, அடித் தொண்டையில் 'ம்' என்றாள். பத்து நாள் பட்டினி கிடந்த குரல் மாதிரி கரகரவென்று வந்தது. எந்தப் பெட்டியிலும் இல்லாத சுருதி. அம்மா அதைத் தேடி இறங்கினாள். ஆனால் காலையிலிருந்து கத்திக் கட்டிப்போன தொண்டை, அதில் அழுகை வேறு வந்து அடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். அப்போதும் காற்றுதான். மூன்றாவது முறை இருமல் வந்தது.

சிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோப்பு வாசம் அடிக்கிற ஈரக் கையை அம்மாவின் தோளில் போட்டாள்.

"பரவால்லம்மா. வரலேன்னா நீ வாயை மட்டும் அசை" என்றாள். "நான் பாடறேன்."